வசூல் நோட்டில் பெயர் இல்லாதவர்கள்: அல்சூர்த் தெரு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரு அல்சூரில், ஏரியிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள ஒரு தெருவில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் குடியிருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மாறிப்போன விதத்தையும், அந்த மாற்றத்தைத் தெருவின் தமிழ்ப் படிப்பகக் குழு எப்படிக் கையாண்டது என்பதையும் இக்குறிப்பு பதிவு செய்கிறது. எழுதுகிற நான் அக்குழுவின் பொருளாளராக இருந்தவன். ஆகவே கீழே வரும் தவறுகளில் எனக்கும் பங்குண்டு. தெருவின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

தெருவின் பின்னணி

அல்சூரில் தமிழர் குடியேறிய கதை பட்டாளத்தோடு தொடங்குகிறது. 1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு, அதாவது படைக் குடியிருப்பு, அமைத்தபோது மதராஸ் படையின் சிப்பாய்களும், அவர்களுக்குப் பின்னால் தையற்காரர், கொத்தனார், சமையற்காரர், வண்டிக்காரர் என்று வட ஆற்காடு, சேலம் பக்கத்து மக்களும் வந்து சேர்ந்தார்கள். இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் அட்டார கச்சேரியைக் கட்டிய ஆற்காடு நாராயணசாமி முதலியாரைப் போன்ற பெரிய கான்ட்ராக்டர்களும் அந்த வழியில் வந்தவர்களே. மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம் இன்றும் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. 1947 வரை தண்டுப் பகுதி மைசூர் அரசின் நிர்வாகத்துக்கு வெளியே இருந்தது. 1949இல்தான் தண்டும் பழைய நகரமான பேட்டையும் ஒரே மாநகராட்சிக்குள் வந்தன. இவ்வளவு பழைய கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. தெருவின் மூத்தோர் தங்களை எங்கிருந்தோ வந்தவர்களாக எண்ணியதே இல்லை. தங்களுக்குப் பின் வந்தவர்களைத்தான் 'வெளியாள்' என்றார்கள். ஊரில் வேறு சிலருக்குத் தாங்களும் வெளியாட்களாகத் தோன்றலாம் என்பது 1982இல் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டு நடந்த கோகாக் கிளர்ச்சியின்போது ஓரளவும், 1991 டிசம்பரில் முழுதாகவும் அவர்களுக்குத் தெரிந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து அம்மாதம் 12, 13 தேதிகளில் நடந்த கலவரத்தில், எங்கள் தெருவிலிருந்து பல குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜோலார்பேட்டைப் பக்கம் ரயிலேறின. பெரும்பாலோர் பொங்கலுக்குள் திரும்பினார்கள். சிலர் வீட்டை விற்கத்தான் திரும்பினார்கள்.

படிப்பகம் 1960களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டது. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையிலும் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த இளைஞர்கள் ஆளுக்கு மாதம் ஒரு ரூபாய் போட்டு நடத்தினார்கள். ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை, ஒரு நீள மேசை, அதன்மேல் தினத்தந்தி, ஒரு கேரம் போர்டு, அவ்வளவுதான். நூல்களைவிட அங்கே அதிகம் நடந்தது பஞ்சாயத்து. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதற்கான வசூலும் படிப்பகத்தின் பொறுப்பாகவே இருந்துவந்தது.

முதலில் கவனித்தது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி விவரம் மாவட்டம், நகரம் போன்ற பெரிய அளவுகளில்தான் வெளியாகிறது. ஒரு தெரு மாறுவதை அதில் பார்க்க முடியாது. 2011க்குப் பின் 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் நடக்கவில்லை. எங்களிடம் இருந்த ஒரே ஆவணம் கூழ் வசூல் நோட்டு. 2011 ஆடியில் புது நோட்டு வாங்கியபோது பழையவற்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க நேர்ந்தது.

1994ஆம் ஆண்டு நோட்டில் ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர் இருக்கிறது. பெயருக்கு முன்னால் அடையாளமும் இருக்கிறது: 'எலக்ட்ரீசியன்', 'டைலர்', 'பால்கார அம்மா', 'மிலிட்டரி'. ஒரு பெயருக்கு எதிரே 'மகள் பிரசவம், பிறகு தருவார்' என்றுகூட எழுதியிருக்கிறது. 2011 நோட்டில் முதல் இரண்டு பக்கங்கள் மட்டுமே அப்படி உள்ளன. அதன்பின் 'முதல் மாடி', 'இரண்டாம் மாடி பசங்க', 'மேலே ஷீட் ரூம்', 'பார்லர் பொண்ணுங்க', 'நேபாளி' என்றே வரிகள் போகின்றன. தொகை இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் 'பூட்டியிருந்தது' என்று இருக்கிறது. 'நேபாளி' என்று எழுதப்பட்டவர்களில் நேபாளத்தவர் ஒரே ஒருவர் என்பது பிறகு தெரியவந்தது. மற்றவர்கள் மணிப்பூர், நாகாலாந்து, அசாம் மாநிலத்தவர்கள். எழுதியது நான்தான்.

இந்த மாற்றத்துக்குக் காரணமாக எங்கள் குழுவில் வழக்கமாகச் சொல்லப்பட்டது 'தமிழர்களை விரட்டிவிட்டார்கள்' என்பது. 1991ஐ நினைத்துச் சொன்னது அது. ஆனால் நோட்டுகளை வைத்து வீடு வீடாகப் பார்த்தபோது வேறு கணக்கு வந்தது. கலவரத்துக்குப் பின் நிரந்தரமாகப் போனவை சில குடும்பங்களே. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் 2003க்குப் பிறகுதான் இடம் மாறியிருந்தார்கள். அவர்கள் போனது ராமமூர்த்தி நகருக்கும் கே.ஆர்.புரத்துக்கும் ஓசூருக்கும். போகும்முன் பழைய லைன் வீடுகளை இடித்து, தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி எழுப்பி, ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஆறு ஒற்றை அறைகளைப் போட்டு, பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டபின் வேலை தேடி வந்த குடும்பங்களுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகவில்லை. அவர்கள் ரயிலில் தினமும் வந்துபோகத் தொடங்கினார்கள். நான்கு பேராகச் சேர்ந்து ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் இளைஞர்களுக்குக் கட்டுப்படியானது. 2011 அக்டோபர் 20ஆம் தேதி பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரை மெட்ரோ ஓடத் தொடங்கி, அல்சூருக்கு நிலையமும் வந்தபின், வாடகை இன்னும் ஏறியது. சுருக்கமாகச் சொன்னால், தெருவை மாற்றியவர்கள் அந்தத் தெருத் தமிழர்களே. இதை நான் குழுவில் சொன்னபோது அது ரசிக்கப்படவில்லை.

முதல் முடிவும் அதன் பிழையும்

2012 தொடக்கத்தில் குழுவுக்கு இரண்டு புகார்கள் வந்தன. ஒன்று, மேல்மாடி அறைகளில் சமைக்கும்போது வரும் நாற்றம். மணிப்பூர்க்காரர்கள் சமையலில் சேர்க்கும் புளித்த மீனும் நாகர்கள் சேர்க்கும் புளித்த சோயாவும் அடுப்பில் ஏறினால் தெருமுனை வரை தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அதே தெருவில் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கருவாட்டுக் குழம்பு கொதிக்காத வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். இந்தப் புகாரைக் குழு தள்ளிவிட்டது.

மற்றொன்று, இரவு வேலை முடிந்து வரும் இளைஞர்கள் படிப்பகத் திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் போனில் பேசுகிறார்கள் என்பது. இதற்கு 'படிப்பக உறுப்பினர் தவிர மற்றவர் இங்கே உட்காரக் கூடாது' என்று பலகை எழுதி மாட்ட முடிவு செய்தோம். அப்பலகை தமிழில் மட்டும் இருந்தது. யாரைக் குறித்து எழுதினோமோ அவர்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அவர்கள் அதன் கீழேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். உறுப்பினர்கள் அதை வேண்டுமென்றே செய்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

2012 ஆகஸ்ட்: நிகழ்வு

அவ்வாண்டு ஜூலையில் அசாமின் கோக்ராஜார் பகுதியில் போடோ மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த வன்முறையைத் தொடர்ந்து, ரம்ஜான் முடிந்ததும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்ற வதந்தி குறுஞ்செய்திகளாகப் பரவியது. ஆகஸ்ட் 15 மாலையிலிருந்து அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூரு ரயில் நிலையத்தில் திரண்டதும், குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டதும், அமைச்சர்கள் நிலையத்துக்கே போய்ப் போக வேண்டாமென்று கேட்டுக்கொண்டதும், ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததும் அன்றைய செய்திகளில் வந்தவை. எங்கள் தெருவில் நடந்தது செய்தியில் வரும் அளவுக்குப் பெரிதல்ல.

ஆகஸ்ட் 15 அன்று காலை படிப்பகத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்திருந்தோம். மாலை ஆறு மணியளவில், மூன்று மாடி வீடு ஒன்றின் சொந்தக்காரரான, அறுபதைக் கடந்த ஓர் அம்மாள் படிப்பகத்துக்கு வந்தார். எங்கள் குழுவில் அதுவரை ஒரு பெண்கூட உறுப்பினராக இருந்ததில்லை. அவர் வாசலிலேயே நின்றுதான் பேசினார். தன் வீட்டு இரண்டாம் மாடியில் அழகு நிலையத்தில் வேலை செய்யும் மூன்று பெண்கள் பெட்டி கட்டுகிறார்கள் என்றும், ஏன் என்று கேட்டால் "ஆன்ட்டி, வீ கோ" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை என்றும், ஆனால் அவர்கள் அரிசி டப்பாவைக் காலிசெய்து பக்கத்து அறைக்குக் கொடுப்பதைப் பார்த்ததும் தனக்குப் புரிந்துவிட்டது என்றும் சொன்னார். 1991இல் அவரும் அதையேதான் செய்திருந்தார். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்திடம் அரிசியையும் எண்ணெயையும் கொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு ரயிலேறியவர் அவர்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் குழு கூடியது. எத்தனை அறைகளில் வடகிழக்கு மாநிலத்தவர் இருக்கிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், யாரிடம் எந்த எண்ணில் பேசலாம் என்ற எந்தக் கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. வசூல் நோட்டைத் திறந்தோம். 'பார்லர் பொண்ணுங்க', 'மேலே ஷீட் ரூம்.'

எடுத்த முடிவுகள்

முதலாவது, நேரில் போவது. மொழி ஒரு தடையாக இருந்தது. குழுவிலிருந்த ஓய்வுபெற்ற அவில்தார் ஒருவர் சாப்பர்ஸில் பணிபுரிந்தபோது நாகாலாந்திலும் அசாமிலும் பல ஆண்டுகள் இருந்தவர்; இந்தி நன்றாகப் பேசுவார். தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த, உருது பேசும் முஸ்லிம் ஒருவர் தானும் வருவதாகத் தாமாகவே முன்வந்தார். வதந்தி யார் பேரைச் சொல்லிப் பரவுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. குழுவில் ஒருவர், அவரைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்படுவார்களே என்று தயங்கினார். அவர் வந்ததுதான் அன்று இரவு எங்களுக்குப் பெரும் உதவியாக இருந்தது. பாதிப்பேர் அவர் கடையில் கடன் வைத்திருந்தவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அவர்களைத் தெரிந்த ஒரே ஆள் அவர்.

இரண்டாவது முடிவில்தான் நெடுநேரம் விவாதம் நடந்தது. போகாதீர்கள் என்று சொல்வதா, வேண்டாமா? அரசு போக வேண்டாமென்றே சொல்லிக்கொண்டிருந்தது. இளைய உறுப்பினர்கள் அதையே சொல்ல வேண்டும் என்றார்கள். மூத்தோர் ஒப்பவில்லை. 1991இல் தங்களிடமும் 'ஒன்றும் ஆகாது, இருங்கள்' என்று சொல்லப்பட்டதென்றும், சொன்னவர்கள் நல்லவர்கள்தாம் என்றும், ஆனால் இரவு கதவு தட்டப்பட்டால் உள்ளே இருக்கப்போவது சொன்னவர் அல்லவென்றும் அவர்கள் வாதிட்டார்கள். இறுதியில், போகலாமா வேண்டாமா என்று அறிவுரை சொல்வதில்லை என்று முடிவாயிற்று. போகிறவர்களிடம் சாமான்களைப் படிப்பகத்தில் பூட்டிவைத்துக்கொள்கிறோம் என்று சொல்வது. இருக்கிறவர்களிடம், ரம்ஜான் முடியும்வரை ஒவ்வொரு கட்டடத்தின் கீழும் இரவில் தெருக்காரர் இருவர் இருப்பார்கள் என்று சொல்வது. அப்படியே செய்தோம்.

மூன்றாவது, பணம். இதை முதலில் நாங்கள் யோசிக்கவே இல்லை. மாடிக்கு மாடி போனபோதுதான், பயத்துக்கு அடுத்தபடியாக எல்லோரும் கேட்டது அட்வான்ஸைப் பற்றி என்று தெரிந்தது. டிக்கெட்டுக்கே பணம் இல்லாதவர்களுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வீட்டுக்காரரிடம் கிடந்தது. பலரிடம் ரசீதோ ஒப்பந்தமோ இல்லை. ஒரு வீட்டுக்காரர், மாதம் முடியாமல் போனால் அட்வான்ஸ் கிடையாது என்று மாடிப்படியில் நின்றே சொன்னார். அன்றிரவு எல்லா வீட்டுக்காரர்களிடமும் பேசி, போகிறவர்களின் அறைகளை செப்டம்பர் 15 வரை வேறு யாருக்கும் விடுவதில்லை என்றும், அதற்குள் திரும்பாதவர்களுக்கு அட்வான்ஸை வங்கி வழியாக அனுப்புவது என்றும் ஒப்புக்கொள்ள வைத்தோம். இருவர் ஒப்பவில்லை. இருவருமே ஓசூரில் குடியிருப்பவர்கள். போனில்தான் பேச முடிந்தது.

தொடர்ந்து நடந்தவை

17ஆம் தேதி காலைக்குள் இருபத்து மூன்று பேர் போயிருந்தார்கள். படிப்பகத்தின் கேரம் போர்டின்மேல் ஒன்பது பெட்டிகளும் இரண்டு கிட்டாரும் ஒரு குக்கரும் இருந்தன. இரவுக் காவல் ஆறு நாள் நடந்தது. தெருவில் எந்த அசம்பாவிதமும் இல்லை. செப்டம்பர் முடிவதற்குள் பதினான்கு பேர் திரும்பினார்கள். ஒப்பாத இரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவர் பின்னர் பணத்தைத் தந்தார். மற்றவர் தரவில்லை, எங்களாலும் வாங்கித்தர இயலவில்லை.

இதன் பிறகு குழு உற்சாகத்தில் ஒரு தவறு செய்தது. இனி யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமென்று ஒரு பதிவேடு தொடங்கி, பெயர், ஊர், வேலை செய்யுமிடம், அடையாள அட்டை நகல் எல்லாம் கேட்டுப் படிவம் கொடுத்தோம். திரும்பி வந்தவர்களில் இருவர் அந்த வாரமே அறையைக் காலி செய்தார்கள். காவல் நிலையத்துக்குப் போகிற பட்டியல் என்று அவர்கள் நினைத்தார்கள். நாங்கள் நினைக்காவிட்டாலும் அது அப்படிப் போயிருக்கக்கூடும். தெருவிலிருந்த தமிழர் எவரிடமும் அந்தப் படிவத்தைக் கொடுக்கவில்லை என்பதை மளிகைக்கடைக்காரர்தான் சுட்டிக்காட்டினார். படிவங்களைக் கிழித்துவிட்டு, வசூல் நோட்டில் பெயருக்கும் போன் எண்ணுக்கும் மட்டும் இடம் விட்டு, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரியாகக் கேட்டோம்.

2013இல் பலகையை எடுத்துவிட்டுக் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் படிப்பகம் எல்லோருக்கும் திறந்தது என்று எழுதினோம். ஓர் ஆங்கில நாளிதழும் ஒரு கன்னட நாளிதழும் சேர்ந்தன. தெருவிலிருந்த கன்னட ஆசிரியை ஒருவர் ஞாயிறு காலைகளில் கன்னடம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். புதியவர்களுக்காகத் தொடங்கிய வகுப்பில் பெரும்பாலும் வந்து உட்கார்ந்தவர்கள், நாற்பது ஆண்டுகளாகக் கன்னடம் சரளமாகப் பேசியும் பஸ் பலகையைப் படிக்கத் தெரியாத எங்கள் ஆட்களே. புதியவர்களுக்கு ஞாயிறுதான் வேலை அதிகம். அழகு நிலையத்திலும் உணவகத்திலும் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது என்பதைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. படிப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், இது இனித் தமிழ்ப் படிப்பகம் அல்ல என்று சொல்லி உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. தமிழ் வாசகர்கள் அப்போதே நாளைக்கு எட்டுப் பேராகக் குறைந்திருந்தார்கள். ஆனால் அந்த எட்டுப் பேருக்கு வேறு இடமும் இல்லை.

2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் மீண்டும் நகரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிக்கப்பட்டு, பல காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. இந்நிகழ்வைக் கேட்கிற பலர், 2012இல் நாம் காத்தவர்கள் அன்று நம்மைக் காத்தார்களா என்று கேட்பதுண்டு. அப்படி எதுவும் நடக்கவில்லை. 2012இல் இருந்தவர்களில் ஒருவர்கூட அப்போது தெருவில் இல்லை. எல்லோரும் வேறு வேலை, வேறு பகுதி, வேறு ஊர் என்று போய்விட்டிருந்தார்கள். புதிதாக வந்திருந்த மணிப்பூர் இளைஞர் ஒருவர் காவிரி என்றால் என்ன என்று கேட்டார். அவருக்கு அவில்தார் வரைபடம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்ததுதான் அன்று மாலை படிப்பகத்தில் நடந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே நிலைமை மீண்டும் வந்தால், அட்வான்ஸுக்கு ரசீது கொடுக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரர்களிடமிருந்துதான் தொடங்குவேன். ஊர்ப்பதற்றம் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. ரசீது இல்லாத பணம் எல்லா நாளும் கிடக்கிறது. 2020 பொதுமுடக்கத்தில் ஒடிசா, வங்காளத் தொழிலாளர்கள் தெருவைவிட்டுப் போனபோதும் இதே பிரச்சினை அப்படியே வந்தது. அப்போதும் எங்களிடம் தீர்வு இல்லை.

குழுவில் பெண்கள் இல்லாதது 2012இல் எங்களுக்குச் சில மணி நேரத்தை இழக்கச் செய்தது. மாடியில் இருந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். அவர்கள் வீட்டுக்கார அம்மாளிடம் சொன்னதை எங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த அம்மாள் 2014இல் குழுவுக்கு வந்தார். இப்போது மூவர் இருக்கிறார்கள்.

1991இன் அனுபவத்தை வைத்து முடிவெடுத்தது பற்றி எனக்கு இன்னும் தெளிவில்லை. போவதா இருப்பதா என்பதில் தலையிடாமல் இருக்க அந்த நினைவு உதவியது. ஆனால் தெரு ஏன் மாறியது என்பதைப் பல ஆண்டுகள் எங்களுக்கு மறைத்ததும் அதே நினைவுதான். வாடகையைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டங்களில் நாங்கள் கலவரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

2024இல் பெயர்ப்பலகைகளில் அறுபது விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டுமென்று சட்டம் வந்தபோது, படிப்பகப் பலகையையும் மாற்றி எழுதினோம். மேலே கன்னடம் பெரிதாகவும், கீழே தமிழும் ஆங்கிலமும் ஒரே அளவிலும் இருக்கின்றன. கன்னட வரியை எழுதிக்கொடுத்தவர் ஞாயிறு வகுப்பில் படித்த எழுபது வயது ஓய்வுபெற்ற டர்னர். அவ்வாண்டு ஆடி வசூல் நோட்டில் தொண்ணூற்றிரண்டு வரிகள் இருந்தன. எழுபத்தெட்டில் பெயரும் எண்ணும் உள்ளன. மற்ற பதினான்கில் இன்னும் 'மூன்றாம் மாடி' என்றும் 'பூட்டியிருந்தது' என்றும்தான் எழுதியிருக்கிறது.